ஓக்லாந்து 2002: குறைந்த பணத்தில் ஒரு பேஸ்பால் அணி வென்ற கணக்கு

2011-இல் வந்த ‘மணிபால்’ என்ற ஹாலிவுட் படத்தைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். புள்ளிவிவரத்தை மட்டுமே நம்பி ஓர் ஏழை பேஸ்பால் அணி பணக்கார அணிகளுக்கு இணையாக வென்றது உண்மையா என்பது ஒன்று. உண்மையென்றால், அந்தக் கணக்கு ஏன் அதற்கு முன்பு யாருக்கும் தோன்றவில்லை என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பாதி உண்மை என்பேன். இரண்டாவதற்கு விடை, அது பலருக்கு முன்பே தோன்றியிருந்தது என்பதுதான். இரண்டையும் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2002-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ் அணி தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் சேர்த்துக் கொடுத்த சம்பளம் ஏறத்தாழ 4 கோடி டாலர். நியூயார்க் யாங்கீஸ் கொடுத்தது ஏறத்தாழ 12.5 கோடி டாலர். 162 ஆட்டங்கள் கொண்ட அந்தப் பருவத்தில் இரு அணிகளும் சரியாக 103 ஆட்டங்களில் வென்றன. ஐ.பி.எல். பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடே விசித்திரமாகத் தோன்றும். அங்கே ஆட்டக்காரர்களுக்குச் செலவிட எல்லா அணிகளுக்கும் ஒரே உச்சவரம்புதான். அமெரிக்க பேஸ்பாலில் அப்படிப்பட்ட கட்டாய உச்சவரம்பு கிடையாது. பெரிய நகரமும் பெரிய தொலைக்காட்சி ஒப்பந்தமும் உடைய அணி எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடலாம். ஓரளவுக்கு மேல் செலவிட்டால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கதையைக் கேட்கும் பெரும்பாலோர், நல்ல ஆட்டக்காரர் யார் என்பதைப் புள்ளிவிவரம் கண்டுபிடித்துக் கொடுத்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல ஆட்டக்காரர் யார் என்பது யாங்கீஸுக்கும் தெரியும். அவர்களிடம் அவரை வாங்கப் பணமும் இருந்தது. ஓக்லாந்து தேடியது வேறு. வெற்றிக்கு உண்மையில் உதவுகிற, ஆனால் சந்தையில் யாரும் விலை கொடுக்காத திறமை எது என்று அவர்கள் தேடினார்கள். இது விளையாட்டை எடைபோடுவதைவிட விலையை எடைபோடுவதற்கு நெருக்கமான வேலை. ஆகவேதான் அணியின் பொது மேலாளர் பில்லி பீனுக்குத் துணையாக, ஹார்வர்டில் பொருளாதாரம் படித்த பால் டிபொடெஸ்டா கணினியோடு உட்கார்ந்திருந்தார்.

அப்படி விலை போகாமல் கிடந்த திறமை எது என்பதைப் புரிந்துகொள்ள ஆட்டத்தின் ஓர் அடிப்படையை மட்டும் நினைவில் கொண்டால் போதும். பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று அவுட். ஆக மொத்தம் 27 அவுட். அந்த 27 தீரும்வரை நேரக் கணக்கும் இல்லை, பந்துக் கணக்கும் இல்லை. எனவே ஒரு பேட்டர் அணிக்குச் செய்யக்கூடிய முதல் உதவி, அந்த 27-இல் ஒன்றைச் செலவழிக்காமல் பேஸை அடைவது; மைதானத்தின் நான்கு பேஸ்களையும் சுற்றி வந்தால்தான் ஒரு ரன். அடித்து ஓடியும் அடையலாம். பந்தெறியும் பிட்சரின் தவறான பந்துகளுக்கு மட்டையை வீசாமல் பொறுத்திருந்து, அப்படி நான்கு பந்துகள் சேர்ந்ததும் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். இந்த இரண்டாவது வழிக்கு ‘வாக்’ என்று பெயர்.

நூறாண்டுக்கு மேலாக பேட்டர்களை அளந்த கோலான பேட்டிங் சராசரி, அடித்து பேஸை அடைந்த வாய்ப்புகளின் விகிதம் மட்டுமே; வாக்கைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. பேஸ்பால் ஸ்கோர் அட்டைக்கு உருவம் கொடுத்தவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் கிரிக்கெட் செய்தியாளராகத் தொழிலைத் தொடங்கிய அவர், வாக் என்பது பிட்சரின் பிழையே தவிர பேட்டரின் திறமை அன்று என்று கருதினார். ஒரு 19-ஆம் நூற்றாண்டுப் பத்திரிகையாளரின் கருத்து அப்படியே புள்ளிவிவரமாகி, புள்ளிவிவரம் சம்பளமாகிவிட்டது. வாக்கையும் சேர்த்து, ஒருவர் எத்தனை முறை அவுட்டாகாமல் பேஸை அடைகிறார் என்பதைச் சொல்லும் ஆன்-பேஸ் விகிதம் என்ற எண் இருந்தது. ஆனால் அதற்கு யாரும் தனியாகப் பணம் கொடுக்கவில்லை.

அவுட் எவ்வளவு விலை உயர்ந்தது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. எந்தெந்த பேஸில் ஆள் நிற்கிறார், எத்தனை அவுட் ஆகியிருக்கிறது என்பதை வைத்து ஓர் இன்னிங்ஸில் 24 நிலைகள் அமையும். ஆயிரக்கணக்கான ஆட்டங்களை அலசினால், ஒவ்வொரு நிலையிலிருந்தும் இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக எத்தனை ரன் வரும் என்று சொல்லிவிடலாம். முதல் பேஸில் ஆள், அவுட் எதுவும் இல்லை என்றால் சுமார் 0.9 ரன். பேட்டர் தன் அவுட்டைத் தியாகம் செய்து அந்த ஆளை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினால், அதாவது இரண்டாம் பேஸில் ஆள், ஒரு அவுட் என்ற நிலை வந்தால், அது சுமார் 0.7 ஆகக் குறைகிறது. பயிற்சியாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாராட்டிவந்த அந்தத் தியாகம் பெரும்பாலும் நட்டக்கணக்கு. பிட்சர் எறியும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது, அதாவது பேஸைத் திருடுவதும் அப்படித்தான்: மூன்று முயற்சிகளில் இரண்டுக்கு மேல் வெற்றி கிடைக்காவிட்டால் திருடாமல் நிற்பதே மேல். ஓக்லாந்து அணி தியாகத்தையும் திருட்டையும் ஏறக்குறைய கைவிட்டதற்குக் காரணம் இந்த அட்டவணைதான். அரங்கில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது சலிப்பூட்டும் ஆட்டமாக இருந்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி 1947-லேயே ஆலன் ராத் என்ற புள்ளிவிவரக்காரரை முழுநேர ஊழியராக வைத்துக்கொண்டார். 1954-இல் பேட்டிங் சராசரியைவிட ஆன்-பேஸ் விகிதமே மேலானது என்று ஒரு பெரிய இதழில் எழுதவும் செய்தார். 1970-களில் கான்சஸ் மாநிலத்தில், டின்னில் அடைத்த பீன்ஸ் தயாரிக்கும் தொழிற்சாலையில் இரவுக் காவலராக இருந்த பில் ஜேம்ஸ், வேலை நேரத்தில் ஸ்கோர் அட்டைகளை அலசி, 1977-இல் தன் முதல் ஆண்டறிக்கையைச் சொந்தமாக அச்சிட்டு விற்றார். அதை வாங்கியவர்கள் 75 பேர். பேட்டர் ஒருவரின் எண்களிலிருந்து அவர் எத்தனை ரன்களை உருவாக்கினார் என்று கணக்கிடும் சூத்திரமும், ஓர் அணி எடுத்த ரன்களையும் கொடுத்த ரன்களையும் வைத்து அது எத்தனை ஆட்டங்களில் வென்றிருக்க வேண்டும் என்று சொல்லும் சூத்திரமும் அவர் தந்தவை. 1980-களில் அவருடைய நூல்கள் ஆயிரக்கணக்கில் விற்றன. வாசகர்கள் படித்தார்கள், அணிகளை நடத்தியவர்கள் பொருட்படுத்தவில்லை. முன்னாள் ஆட்டக்காரர்களே மேலாளர்களாகவும் ஆள்தேடும் ஸ்கவுட்டுகளாகவும் இருந்த ஒரு தொழிலில், மட்டையைப் பிடித்தே அறியாத இரவுக் காவலர் சொல்வதைக் கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

அவசியம் ஓக்லாந்துக்குத்தான் வந்தது. 1991-இல் பேஸ்பாலிலேயே மிக அதிகச் சம்பளம் கொடுத்த அணி அது. கொடையாளராகவே அணியை நடத்திய உரிமையாளர் வால்டர் ஹாஸ் 1995-இல் இறந்தார். அணியை வாங்கிய புதிய உரிமையாளர்கள் செலவைக் கடுமையாகக் குறைத்தார்கள். அப்போது பொது மேலாளராக இருந்த சாண்டி ஆல்டர்சன் வழக்கறிஞர், அமெரிக்க மரீன் படையின் முன்னாள் வீரர். பேஸ்பால் ஆடி வளர்ந்த ஸ்கவுட்டுகளின் உள்வட்டத்தைச் சேராதவர். ஆன்-பேஸ் விகிதத்தை அணியின் கொள்கையாக்கியவர் அவரே. பில்லி பீன் அதை அவரிடமிருந்து கற்று, 1997 பருவத்துக்குப் பின் பொறுப்பை ஏற்றார். பீனின் சொந்த வாழ்க்கையும் இதில் சேர்கிறது. அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வில், 1980-இல் முதல் சுற்றிலேயே நியூயார்க் மெட்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. உயரம், வேகம், தோள்வலிமை என்று ஸ்கவுட்டுகள் கண்ணால் பார்த்து மெச்சிய அத்தனையும் அவரிடம் இருந்தன. முதல்தர ஆட்டங்களில் அவருடைய பேட்டிங் சராசரி 0.219. கண்ணின் தீர்ப்பை அவர் ஏன் நம்பவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

2001 பருவத்தில் 102 ஆட்டங்களில் வென்ற ஓக்லாந்து, அது முடிந்ததும் மூன்று முக்கியமானவர்களை இழந்தது. ஜேசன் ஜியாம்பி ஏழாண்டுக்கு 12 கோடி டாலர் பெற்று யாங்கீஸுக்கும், ஜானி டேமன் நான்காண்டுக்கு 3.1 கோடி பெற்று பாஸ்டனுக்கும், ஜேசன் இஸ்ரிங்ஹவுசன் செயின்ட் லூயிஸுக்கும் போனார்கள். டிபொடெஸ்டா போட்ட கணக்கு எளிமையானது. பிளேஆஃப் போக ஏறத்தாழ 95 வெற்றி வேண்டும். 162-இல் பாதியான 81-க்கு மேல் வரும் ஒவ்வொரு வெற்றிக்கும் பத்து ரன் மிச்சம் என்ற வாய்பாட்டின்படி, அதற்குக் கொடுத்த ரன்களைவிட எடுத்த ரன்கள் 135 அளவுக்கு அதிகமாக இருக்க வேண்டும். அந்த மிச்சம் எங்கிருந்து வரும்? ஜியாம்பியின் ஆன்-பேஸ் விகிதம் 0.477, அவரைப் போல இன்னொருவர் கிடைக்கவே மாட்டார். ஆனால் டேமனின் விகிதம் வெறும் 0.324, லீக் சராசரிக்கும் கீழே. ஈடுசெய்ய வேண்டிய பேட்டர்களின் கணக்கில் மூன்றாமவராகச் சேர்த்த ஓல்மெடோ சயென்ஸுடையது 0.291. மூவரையும் கூட்டி வகுத்தால் 0.364. ஆக, ஜியாம்பிக்கு ஈடாக ஒருவரைத் தேடாமல், 0.364 சராசரி தரும் மூவரைத் தேடினால் போதும் என்று ஆயிற்று. அப்படிப்பட்டவர்கள் மலிவாகவே கிடைத்தார்கள், ஏனென்றால் ஒவ்வொருவரிடமும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு குறை இருந்தது.

அவர்களில் ஒருவர் ஸ்காட் ஹாட்டிபெர்க். பாஸ்டன் அணியின் கேட்சராக, அதாவது பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவராக இருந்தவர். முழங்கை நரம்பு பாதிக்கப்பட்டுப் பந்தை எறிய முடியாமல் போனவர். எறிய முடியாத கேட்சருக்குச் சந்தையில் விலை ஏது? ஆனால் அவருக்குப் பொறுமை இருந்தது, தவறான பந்தைத் தொடமாட்டார். பத்து லட்சம் டாலருக்கும் குறைவான தொகைக்கு எடுத்து, அதுவரை நின்றே பழகாத முதல் பேஸில் அவரை நிறுத்தினார்கள். 2002-இல் அவருடைய ஆன்-பேஸ் விகிதம் 0.374. மற்றொருவர் டேவிட் ஜஸ்டிஸ், 36 வயது, கால்களில் வேகம் குறைந்துவிட்டது. அவர் தந்தது 0.376. பிட்சர்களில் சாட் பிராட்ஃபோர்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கை தரையை உரசுவதுபோல் கீழிருந்து, மெதுவாக எறிவார். பார்க்க விளையாட்டாகத் தெரியும் அந்த எறிதலை சிகாகோ ஒயிட் சாக்ஸ் நம்பாமல் மீண்டும் மீண்டும் கீழ்நிலை அணிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் பந்தில் ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற அடி) அரிது, வாக்கும் குறைவு; அடிபட்ட பந்துகள் தரையோடு உருண்டன. குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டிய தொகைக்கு அவர் அந்தப் பருவத்தில் 75 ஆட்டங்களில் எறிந்தார்.

விலை குறைந்ததை வாங்குவதுபோலவே, விலை ஏறியதை விற்பதும் இந்த வியாபாரத்தில் உண்டு. ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் வந்து முன்னிலையைக் காப்பாற்றும் பிட்சருக்கு ‘சேவ்’ என்ற எண்ணிக்கை சேரும். கைக்கு எளிதான வேலையிலும் அது சேர்ந்துவிடுகிறது என்பதால், ஓரளவு நல்ல பிட்சரை அந்த இடத்தில் நிறுத்தினாலே அவர் பெயருக்கு முன் பெரிய எண் வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த எண்ணைப் பார்த்து வாங்க ஆள் வருவார்கள். இஸ்ரிங்ஹவுசன் போனதும் டொராண்டோவிலிருந்து பில்லி காக் என்பவரைக் கொண்டுவந்தார்கள். 2002-இல் அவர் 44 சேவ் எடுத்தார். பருவம் முடிந்த கையோடு அவரை ஒயிட் சாக்ஸுக்கு அனுப்பி, கீத் ஃபோக்கை வாங்கினார்கள். அடுத்த ஆண்டே காக் தடுமாறினார். இரண்டாண்டில் அவருடைய ஆட்டவாழ்வு முடிந்தது. ஆனால் அவரை வாங்குவதற்கு ஓக்லாந்து விட்டுக்கொடுத்தவர்களில் எரிக் ஹின்ஸ்கி 2002-இல் லீக்கின் சிறந்த புதுமுகம் என்ற விருதைப் பெற்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பீன் செய்த பேரங்கள் எல்லாம் இலாபத்தில் முடியவில்லை.

இப்போது நான் பாதி உண்மை என்று சொன்னதற்கு வருகிறேன். மேலே சொன்னவர்களை மட்டும் வைத்து 103 ஆட்டங்களை வெல்ல முடியாது. 2002-இல் லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை வாங்கிய மிகெல் தெஹாதா ஓக்லாந்துக்காரர்; 34 ஹோம் ரன், 131 ரன்களை உள்ளே கொண்டுவந்தவர். சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, 23 வெற்றி 5 தோல்வி என்ற கணக்கோடு பாரி சிட்டோவுக்குப் போனது. டிம் ஹட்சன், மார்க் மல்டர் இருவரும் அவருக்குக் குறையாத பிட்சர்கள். எரிக் சாவெஸ் தன் பங்குக்கு 34 ஹோம் ரன் அடித்தார். இவர்களில் யாரும் சந்தை ஒதுக்கிய சரக்கு அல்லர். மல்டர் 1998 தேர்வில் நாட்டிலேயே இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், சிட்டோ 1999-இல் ஒன்பதாவது. இவர்கள் மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் புள்ளிவிவரத்தைவிடச் சம்பள விதிதான். முதல்தர அணியில் சேரும் இளைஞர் ஆறு ஆண்டுக் காலம் வேறு அணிக்குத் தானாகப் போக முடியாது. அதில் முதல் மூன்று ஆண்டுகள் ஏறக்குறைய அணி கொடுப்பதுதான் சம்பளம், அதற்குப் பிறகே சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவரின் தீர்ப்பின் மூலம் அது ஏறும். திறமையின் உச்சத்தில் இருக்கும் இளைஞர் ஐவரை அந்த விதியின் நிழலில் வைத்திருந்த அணிதான் ஓக்லாந்து. வீட்டின் சுவர் அவர்கள். ஹாட்டிபெர்க்கும் பிராட்ஃபோர்டும் ஒழுகிய இடத்தில் மாற்றிய ஓடுகள். ஆனாலும் அந்த ஓடுகள் இல்லாமல் அந்தக் கூரை நின்றிருக்காது என்றே நினைக்கிறேன்.

இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலும் கணக்கு எல்லா நேரமும் வெல்லவில்லை. பள்ளி மாணவர்களின் எண்களை நம்ப முடியாது, கல்லூரியில் ஆடியவர்களே பாதுகாப்பான தேர்வு என்பது ஓக்லாந்தின் கொள்கை. 2002 தேர்வில் 16-ஆவதாக நிக் ஸ்விஷரையும் 24-ஆவதாக ஜோ பிளான்டனையும் எடுத்தார்கள். இருவரும் நெடுங்காலம் நன்றாக ஆடினார்கள். ஆனால் அவர்களுக்கு அடுத்தடுத்த இடங்களில், அதாவது 17-லும் 25-லும் போன பள்ளி மாணவர்கள் கோல் ஹாமல்ஸும் மேட் கெய்னும். இருவரும் பின்னாளில் அந்தத் தலைமுறையின் பெரிய பிட்சர்களாக விளங்கினார்கள்.

பருவத்தின் கணக்கைப் பார்த்தால், ஓக்லாந்து 800 ரன் எடுத்து 654 கொடுத்தது. மிச்சம் 146; டிபொடெஸ்டா கேட்டதைவிடச் சற்று அதிகம். பில் ஜேம்ஸின் சூத்திரப்படி அதற்கு 97 வெற்றிதான் வந்திருக்க வேண்டும். மீதி ஆறு வெற்றிகளை அதிர்ஷ்டம் என்றே எழுத வேண்டும். ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 4 வரை தொடர்ந்து 20 ஆட்டங்களில் வென்று அமெரிக்கன் லீக் சாதனை படைத்தார்கள். இருபதாவது ஆட்டத்தில் 11-0 என்ற முன்னிலையைக் கோட்டைவிட்டு 11-11 ஆகி, கடைசி இன்னிங்ஸில் ஹாட்டிபெர்க்கின் ஹோம் ரன் காப்பாற்றியது. பிறகு பிளேஆஃபில் முதல் சுற்றிலேயே மின்னசோட்டாவிடம் ஐந்து ஆட்டத் தொடரைத் தோற்றார்கள். 2000 முதல் 2003 வரை நான்கு ஆண்டுகளும் இதே கதை, நான்கு முறையும் ஐந்தாவது ஆட்டத்தில். இந்தக் கணக்குமுறை பொய் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. 162 ஆட்டங்களில் வெளிப்படும் சிறு மேம்பாடு, ஐந்து ஆட்டங்களில் தெரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை. நாணயத்தை ஐந்து முறை சுண்டிப் பார்த்து அது சரியான நாணயமா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

இதைவிடக் கனமான மறுப்பு, இந்த வித்தை எவ்வளவு நாள் செல்லும் என்பது. ஹேக்ஸ், சவர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் பேஸ்பால் சம்பளங்களை அலசி 2006-இல் வெளியிட்ட கட்டுரையில், வெற்றிக்கு ஆன்-பேஸ் விகிதம் செய்யும் உதவிக்கு ஈடான சம்பளம் 2003 வரை கொடுக்கப்படவில்லை என்றும், 2004-இல் அந்தக் குறை மறைந்துவிட்டது என்றும் காட்டினார்கள். இரகசியம் வெளிவந்து ஓராண்டுக்குள் விலை ஏறிவிட்டது. டிபொடெஸ்டா 2004-இல் டாட்ஜர்ஸுக்குப் போனார். பீனையே பாஸ்டன் அழைத்தது. அவர் ஒப்புக்கொண்டு பின்பு மறுத்தார். ஆனால் பாஸ்டன் பில் ஜேம்ஸைச் சேர்த்துக்கொண்டு, 1918-க்குப் பிறகு முதன்முறையாக 2004-இல் உலகத் தொடரை, அதாவது அமெரிக்க பேஸ்பாலின் இறுதிக் கோப்பையை வென்றது. ஓக்லாந்தோ 2007 முதல் 2011 வரை ஒரு பருவத்தில்கூடத் தோல்விகளைவிட அதிக வெற்றி பெறவில்லை.

ஆகவே ஏழை அணிகள் விலை போகாத அடுத்த திறமையைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. டாம்பா பே ரேஸ் அதைத் தடுப்பாட்டத்தில் கண்டது. அதுவரை ஃபீல்டரை அளந்த எண், அவர் கைக்கு வந்த பந்தில் செய்த பிழைகளை மட்டுமே எண்ணியது. ஓடிப்போய்த் தொடவே முடியாத பந்துக்குப் பிழை கிடையாது. சோம்பேறிக்கு அந்த எண் நல்ல சான்றிதழ் கொடுக்கும். ரேஸ் அணி 2007-இல் 944 ரன் கொடுத்து 66 ஆட்டங்களில் வென்றது. வேகமாக நகரும் ஃபீல்டர்களைக் கொண்டுவந்து, ஒவ்வொரு பேட்டரும் எங்கே அடிப்பார் என்று குறித்து வைத்த வரைபடத்தின்படி அவர்களை இடம் மாற்றி நிறுத்தியதும், 2008-இல் கொடுத்த ரன் 671 ஆகவும் வெற்றி 97 ஆகவும் மாறின. சம்பளம் சுமார் 4.4 கோடி டாலர். அவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் செலவிட்ட யாங்கீஸ் அந்த ஆண்டு பிளேஆஃபுக்கே போகவில்லை. உலகத் தொடரில் ரேஸைத் தோற்கடித்த ஃபிலடெல்ஃபியாவின் சிறந்த ஆட்டக்காரர், ஓக்லாந்து தாண்டிப்போன அதே கோல் ஹாமல்ஸ்.

பிட்ஸ்பர்க் பைரட்ஸ் கேட்சரின் கையசைவில் அதைக் கண்டது. விளிம்பில் வரும் பந்தைக் கையுறை நகராமல் பிடித்தால் நடுவர் அதை நல்ல பந்து என்று அறிவிக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஒவ்வொரு பந்தின் பாதையையும் படமெடுக்கும் கருவிகள் அரங்குகளுக்கு வந்த பிறகே இதை அளக்க முடிந்தது. 2012-இல் 0.211 என்ற பரிதாபமான சராசரியில் அடித்த ரஸ்ஸல் மார்ட்டினை இரண்டாண்டுக்கு 1.7 கோடி டாலருக்கு எடுத்த பைரட்ஸ், 2013-இல் 94 ஆட்டங்களில் வென்றது. அதற்கு முந்தைய இருபது பருவங்களிலும் அந்த அணிக்குத் தோல்வியே அதிகம்.

இப்போது எல்லா அணிகளிடமும் இந்தக் கருவிகளும் கணக்கர்களும் இருக்கிறார்கள். ஃபீல்டர்களை ஒரே பக்கம் குவிப்பதை 2023 முதல் விதியே தடுத்துவிட்டது. ரேஸ் அணியைக் கட்டிய ஆண்ட்ரூ ஃப்ரீட்மன், முன்பு வால் ஸ்ட்ரீட்டில் இருந்தவர், 2014-இல் பணக்கார டாட்ஜர்ஸுக்குப் போனார். கணக்கும் பணமும் ஒரே அணியில் சேர்ந்தன. 2020 உலகத் தொடரில் அவருடைய புதிய அணியும் பழைய அணியும் மோதின. ஆறாவது ஆட்டத்தில் ரேஸ் பிட்சர் பிளேக் ஸ்னெல், 73 பந்துகளில், பேட்டரைப் பந்தை அடிக்கவே விடாமல் ஒன்பது முறை அவுட்டாக்கி, 1-0 முன்னிலையோடு எறிந்துகொண்டிருந்தார். ஒரு பிட்சரை மூன்றாவது முறை எதிர்கொள்ளும் பேட்டர்கள் அவரை நன்றாக அடிப்பார்கள் என்ற கணக்கின்படி, மேலாளர் கெவின் கேஷ் அவரை வெளியே அழைத்தார். அந்த இன்னிங்ஸிலேயே டாட்ஜர்ஸ் முன்னிலைக்கு வந்தது. அன்றிரவே கோப்பையும் அவர்களுக்குப் போனது.